வணிகவியல் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவது எப்படி? மருதமுனை வாசகிக்கு ஒரு நூலகரின் பதில்

கேள்வி:

நான் முகாமைத்துவ இளமாணிப் பட்டத்தின் இறுதியாண்டில் படிக்கிறேன். ‘மருதமுனைக் கைத்தறி உற்பத்தியாளர்கள் கடன் பெறுவதும் அவர்களது தொழில் வளர்ச்சியும்’ என்பது எனது ஆய்வுத் தலைப்பு. எங்கள் வீட்டிலும் மூன்று தறிகள் இருக்கின்றன. வாப்பா நூலை முதலாளியிடம் கடனுக்கு எடுத்து, நெய்த சாரங்களை அவருக்கே கொடுத்துக் கணக்குத் தீர்ப்பார். வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கமே போகாதவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். குறைந்தது 20 ஆய்வுக் கட்டுரைகளையாவது வாசித்து எழுத வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். கூகுளில் தேடினால் பத்திரிகைச் செய்திகளும், ஒரு கட்டுரைக்கு 30, 40 டொலர் கேட்கும் பக்கங்களும்தான் வருகின்றன. நூலகத்தின் தரவுத்தளத்தில் தலைப்பை முழுவதுமாக ஆங்கிலத்தில் இட்டேன், ஒன்றும் வரவில்லை. கடன் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மட்டும் இட்டேன், பல்லாயிரம் வந்தன. வீட்டிலிருந்து அந்தத் தரவுத்தளம் திறப்பதுமில்லை. நான் எங்கே பிழைவிடுகிறேன்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மருதமுனை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மட்டக்களப்பில் நூலக மேசையில் இருக்கும் என்னிடம் ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு மாணவர்கள் இதே கவலையோடு வருகிறார்கள். ஆகவே இது உங்களுடைய குறை என்று எண்ண வேண்டாம். பிழை ஓரிடத்தில்தான் இருக்கிறது: தரவுத்தளத்திடம் நீங்கள் உங்கள் தலைப்பையே கேட்டிருக்கிறீர்கள். அது நீங்கள் சொல்ல வருவதை விளங்கிக்கொண்டு விடை தரும் ஆசிரியர் அல்ல; கட்டுரைகளின் தலைப்பிலும் சுருக்கத்திலும் அவற்றை எழுதியவர்கள் பயன்படுத்திய சொற்களோடு உங்கள் சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு பெரிய அட்டவணை, அவ்வளவே. வேறொருவர் அதே சொற்களில் எழுதியிராத தலைப்பைத்தான் மேற்பார்வையாளர் உங்களுக்கு அனுமதித்திருப்பார் என்பதால், அதை அப்படியே இட்டபோது ஒன்றும் வராதது இயல்பானதே. ‘கடன்’ என்று மட்டும் இட்டபோது உலகத்தின் எல்லாக் கடன்களும் வந்தன. இவ்விரண்டுக்கும் இடையில்தான் உங்களுக்கு வேண்டிய கட்டுரைகள் இருக்கின்றன.

அவற்றை எட்டுவதற்குக் கணினித் திறமையைவிட வேறொன்று முதலில் வேண்டும். உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விடயத்தை ஆய்வாளர்கள் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். வாப்பா முதலாளியிடம் நூலைக் கடனுக்கு எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். காசாக அன்றிச் சரக்காகவே கொடுக்கப்பட்டு, பின்னர் தீர்க்கப்படும் இத்தகைய கடனை நிதியியலில் ‘ட்ரேட் கிரெடிட்’ என்பார்கள். வங்கிகள் இருக்கையில் ஒரு வியாபாரி ஏன் இன்னொரு வியாபாரிக்குக் கடன் கொடுக்கிறார் என்ற கேள்வியை மிச்செல் பீட்டர்சனும் ரகுராம் ராஜனும் 1997 இல் ‘ரிவியூ ஒஃப் ஃபைனான்சியல் ஸ்டடீஸ்’ சஞ்சிகையில் விரிவாக ஆராய்ந்தார்கள். ஜோன் மக்மிலனும் கிறிஸ்டோபர் வூட்ரஃபும் 1999 இல் வியட்நாமின் சிறு உற்பத்தியாளர்களை எடுத்துக்கொண்டு, நீண்டகாலப் பழக்கமும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதும் இந்தக் கடனை எப்படித் தீர்மானிக்கின்றன என்று எழுதினார்கள். அவர்களுடைய கட்டுரைகளில் மருதமுனை என்ற பெயர் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுத் தறியடியில் நடக்கும் அதே கொடுக்கல் வாங்கல் அங்கே இருக்கிறது. ‘ட்ரேட் கிரெடிட்’ என்ற சொல் தெரியாதவரை அந்தக் கட்டுரைகளை நீங்கள் எத்தனை நாள் தேடினாலும் கண்டிருக்க மாட்டீர்கள்.

வட்டிக்கு அஞ்சி வங்கிக்குப் போகாதவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இங்கே இரண்டு வகையினரைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். மார்க்க நம்பிக்கை காரணமாகத் தாமாகவே ஒதுங்கி நிற்பதை ஆய்வாளர்கள் ‘வொலன்டரி எக்ஸ்க்ளூஷன்’ என்ற சொல்லால் குறிக்கிறார்கள். கடன் தேவைப்பட்டும், கேட்டால் தரமாட்டார்கள் என்று எண்ணி விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுபவர்களை ‘டிஸ்கரேஜ்ட் பொரோவர்ஸ்’ என்பார்கள். பின்னைய வகையினரைப் பற்றிய கோட்பாட்டைக் கொன், ஸ்டோரி என்ற இருவர் 2003 இல் ‘ஸ்மோல் பிஸ்னஸ் எக்கொனொமிக்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரு வகையினரும் ‘வங்கிக் கடன் பெறாதவர்’ என்ற ஒரே கூட்டமாகத்தான் தெரிவார்கள். உங்கள் வினாக்கொத்தில் இவர்களைப் பிரித்தறியும் கேள்வி ஒன்று இல்லாவிட்டால், சேகரித்த தரவை வைத்துக்கொண்டு பின்னர் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமற் போகும். கட்டுரைகளைத் தேடுவது உசாத்துணைப் பட்டியலை நீட்டுவதற்கு மட்டுமல்ல, இப்படிக் கேள்வியைச் செம்மைப்படுத்துவதற்கும்தான். ஆகையால் வினாக்கொத்தை அச்சிடுவதற்கு முன்பே இந்தத் தேடலை முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வங்கியின் பக்கம். கூடுதல் வட்டி தருவதாகச் சொன்னாலும் சிலருக்கு வங்கி ஏன் கடன் கொடுப்பதில்லை என்பதை ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் அன்ட்ரூ வைஸும் 1981 இல் ‘அமெரிக்கன் எக்கொனொமிக் ரிவியூ’ சஞ்சிகையில் விளக்கினார்கள். வட்டியை உயர்த்தினால் பாதுகாப்பாகத் தொழில் செய்பவர்கள் விலகிக்கொள்வார்கள், துணிந்து ஆபத்தை ஏற்பவர்களே எஞ்சுவார்கள். ஆகவே வங்கி வட்டியை உயர்த்துவதற்குப் பதிலாகக் கடனையே அளந்து கொடுக்கிறது என்பது அவர்களுடைய வாதம். இதற்குரிய சொல் ‘கிரெடிட் ரேஷனிங்’. இந்த ஒரு சொல்லைக் கொண்டு தேடினாலே உங்கள் ஆய்வேட்டின் கோட்பாட்டு அத்தியாயத்துக்கு வேண்டிய கட்டுரைகள் வரிசையாக வரத் தொடங்கும்.

இனித் தேடும் முறைக்கு வருகிறேன். ஒரு வெற்றுத் தாளை எடுத்து மூன்று நிரல்களாகப் பிரியுங்கள். முதல் நிரலில் ‘யார்’ என்பதை எழுதுங்கள்: கைத்தறி, நெசவு, கைவினைஞர், சிறு தொழில், நுண் தொழில் என்பவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள். இரண்டாவதில் ‘எது’: கடன், நுண்நிதி, மேலே சொன்ன நான்கு கலைச்சொற்கள். மூன்றாவதில் ‘எங்கே’: இலங்கை, இந்தியா, பங்களாதேஷ், தென்னாசியா, வளர்முக நாடுகள். ஒரே நிரலில் உள்ள சொற்களை ஆங்கிலத்தின் ‘ஓர்’ (OR) என்ற சொல்லால் இணைத்து அடைப்புக்குள் இடுங்கள். அவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும் என்பது அதன் பொருள். நிரல்களை ஒன்றோடொன்று ‘அண்ட்’ (AND) என்ற சொல்லால் இணையுங்கள். எல்லா நிரல்களிலிருந்தும் ஒவ்வொன்றாவது இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். இந்த இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்துகளில் எழுதுவது நல்லது. ‘ட்ரேட் கிரெடிட்’ போன்ற இரு சொல் தொடர்களை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால் அவை பிரியாமல் தேடப்படும். நெசவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளை மட்டும் எழுதி அதன் பின்னால் உடுக்குறி (*) இட்டால், நெசவு, நெசவாளர், நெய்தல் என்ற வடிவங்கள் எல்லாம் ஒருமிக்கத் தேடப்படும்.

கைத்தறி என்பதை ஆங்கிலத்தில் சிலர் ஒரே சொல்லாகவும் சிலர் இடையில் சிறுகோடிட்டும் எழுதுகிறார்கள், இரண்டையும் இடுங்கள். எங்கள் ஊர்ப் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. அம்பாறையை ஈற்றில் ஐகாரத்தோடு எழுதுபவர்களும் அது இல்லாமல் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். மருதமுனையின் நடுவிலுள்ள ‘த’வை ஆங்கிலத்தில் எழுதும் முறையும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனால் சர்வதேசத் தரவுத்தளங்களில் ஊர்ப் பெயரோடு தொடங்க வேண்டாம். முதலில் இலங்கை என்று தேடுங்கள். குறைவாக வந்தால் மூன்றாவது நிரலை முற்றாக நீக்கிவிடுங்கள். 20 கட்டுரைகளில் ஒன்றேனும் மருதமுனையைப் பற்றியதாக இல்லாவிட்டாலும் உங்கள் ஆய்வேட்டுக்கு அது குறையல்ல. கோட்பாட்டுக்குச் சில, உங்களுடையதைப் போன்ற தொழில்களை வேறு நாடுகளில் ஆராய்ந்தவை சில, இலங்கைச் சூழலுக்குச் சில என்று அமைந்தால் போதும்; மருதமுனையைப் பற்றி எழுதப்படாமல் கிடக்கும் அந்த இடத்தை நிரப்பத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தபின் தேடுபெட்டியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தக் கட்டுரையையே பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஓர் உதாரணம் காட்டுகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, மேலே குறிப்பிட்ட அதே கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகிய மூவரும் 2008 இல் ‘குவாட்டர்லி ஜேர்னல் ஒஃப் எக்கொனொமிக்ஸ்’ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் நுண் தொழில் நடத்தியவர்கள் சிலருக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமதியான மானியம் கொடுத்து, அந்த முதலால் அவர்களது வருமானம் எவ்வளவு கூடியது என்று அளந்தார்கள். மூலதனத்துக்கான வருவாய் மாதத்துக்கு 4.6 முதல் 5.3 சதவீதம் வரை இருந்தது. சந்தை வட்டியைவிட இது மிக அதிகம். இந்தக் கட்டுரையின் பின்பகுதியிலுள்ள உசாத்துணைப் பட்டியல் உங்களை இதற்கு முந்திய ஆய்வுகளுக்கு அழைத்துச் செல்லும். கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்கொலரில் அதன் கீழே, இதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளைக் குறிக்கும் இணைப்பை அழுத்தினால், பின்னர் வந்தவை கிடைக்கும். அந்த முடிவுகளுக்குள்ளேயே ‘கைத்தறி’ என்று மறுபடி தேடலாம் என்பது பலருக்குத் தெரியாத வசதி. ஆசிரியர்களின் பெயரை அழுத்தினால் அதே மூவரும் 2009 இல் எழுதிய இன்னொரு கட்டுரை கிடைக்கும். அதே மானியத்தால் ஆண்கள் நடத்திய தொழில்களில் வருவாய் கூடியதாகவும், பெண்கள் நடத்தியவற்றில் சராசரியாக அப்படிக் கூடவில்லை என்றும் அதில் கண்டிருக்கிறார்கள். நெசவில் பெண்களின் உழைப்பு எவ்வளவு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டுரையை வாசிக்காமல் உங்கள் ஆய்வேட்டை முடிக்க வேண்டாம்.

டொலர் கேட்கும் பக்கத்தைக் கண்டதும் ஒருபோதும் காசு கட்ட வேண்டாம். இப்போது சொன்ன 2008 ஆம் ஆண்டுக் கட்டுரையின் முந்திய வடிவத்தை உலக வங்கி தனது ஆய்வுத்தாள் வரிசையில் எவரும் வாசிக்கக்கூடியதாக வெளியிட்டிருக்கிறது. வணிகவியலிலும் பொருளியலிலும் கட்டுரை சஞ்சிகைக்குப் போவதற்கு முன்பே இப்படி ஆய்வுத்தாளாக வெளிவருவது வழக்கம், எஸ்.எஸ்.ஆர்.என்., ரீபெக் என்ற இரு தளங்களும் இவற்றைத் திரட்டி வைத்திருக்கின்றன. கூகுள் ஸ்கொலரில் ஒரு கட்டுரையின் எல்லாப் பிரதிகளையும் காட்டும் இணைப்பு இருக்கிறது. அதை அழுத்தினால் இலவசப் பிரதி எங்கேனும் இருந்தால் தென்படும். ஆய்வுச் சஞ்சிகைகளின் இணையத் திரட்டான ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கொன்றைத் திறந்தால் மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் வாசிக்கலாம். அண்மைய ஆண்டுகளின் இதழ்கள் அங்கே இல்லாமலிருக்கலாம் என்றாலும் ஸ்டிக்லிட்ஸ், வைஸ் கட்டுரை போன்ற அடிப்படைக் கட்டுரைகளுக்கு அது போதும். எந்த வழியும் கைகொடுக்காவிட்டால் கட்டுரையாசிரியருக்கே பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்கள் யார், எதை ஆராய்கிறீர்கள் என்று இரண்டு வரியில் எழுதினால் பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைக்கிறார்கள்.

வீட்டிலிருந்து தரவுத்தளம் திறக்காததற்கான காரணம் எளியது. நூலகம் சந்தா கட்டியிருக்கும் தரவுத்தளங்கள் பல, பல்கலைக்கழக வலையமைப்பின் இணைய முகவரியைப் பார்த்தே கதவைத் திறக்கின்றன. உங்கள் கைத்தொலைபேசியின் இணைப்பு அவற்றுக்கு அந்நியம். வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைவதற்குத் தனிப் பயனர் பெயர் தரும் ஏற்பாடு உங்கள் நூலகத்தில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இல்லையென்றால் வீட்டில் ஜேஸ்டோரிலும் கூகுள் ஸ்கொலரிலும் தேடிப் பட்டியலைத் தயாரித்துக்கொண்டு, வளாகத்துக்குப் போகும் நாளில் முழுக் கட்டுரைகளை மட்டும் பதிவிறக்குங்கள். பஸ்ஸில் போய் வருவதற்கே பாதி நாள் கழியும் மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்.

எந்தத் தரவுத்தளம் என்று நீங்கள் கேட்கவில்லை, எனினும் சொல்கிறேன். எமரால்ட் 1967 இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் முகாமைத்துவ ஆசிரியர்களால் தொடங்கப்பட்ட பதிப்பகம் என்பதால், சிறு தொழில், தொழில்முனைவு பற்றிய சஞ்சிகைகள் அங்கே நிறைய உண்டு. எப்ஸ்கோவின் பிஸ்னஸ் சோர்ஸ், புரோகுவெஸ்டின் ஏ.பி.ஐ. இன்ஃபோர்ம் ஆகிய இரண்டும் பல பதிப்பகங்களின் சஞ்சிகைகளை ஒன்றாகத் தேடித் தருபவை. உங்கள் நூலகத்தில் இவற்றுள் எது இருக்கிறதோ அதில் தொடங்குங்கள். எதில் தேடினாலும், ஒவ்வொரு கட்டுரைக்கும் தரவுத்தளம் இட்டிருக்கும் பொருட்தலைப்புகளைக் கவனியுங்கள். நீங்கள் எண்ணிப் பார்த்திராத சொற்கள் அங்கேதான் கிடைக்கும், அவற்றை உங்கள் மூன்று நிரல்களில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆய்வுக் கட்டுரை எது என்பதிலும் தெளிவு வேண்டும். துறைசார்ந்தோரால் மதிப்பாய்வு செய்யப்பட்டவற்றை மட்டும் காட்டு என்ற கட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். ஆனால் அந்த வடிகட்டி சஞ்சிகையைப் பார்க்கிறதேயன்றி, கட்டுரையைத் தனித்தனியே பார்ப்பதில்லை. அதனால் ஆசிரியர் தலையங்கமும் நூல் மதிப்புரையும்கூட அதைத் தாண்டி வந்துவிடும். ‘ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூ’ நல்ல சஞ்சிகைதான். ஆயினும் அது மதிப்பாய்வுச் சஞ்சிகை அல்ல, முகாமையாளர்களுக்காக எழுதப்படுவது. உங்கள் 20 இல் அதை எண்ண வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு சில நாட்களுக்குள் எதையும் வெளியிட்டுவிடும் போலிச் சஞ்சிகைகளும் கூகுளில் முன்வரிசையில் வரக்கூடும். சஞ்சிகைகளை இனங்காணக் கொடுக்கப்படும் ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரத்துக்குச் சான்றல்ல. ஐயம் எழுந்தால் ஸ்கோபஸ் என்ற ஆய்வுத் தரவுத்தளத்தின் சஞ்சிகைப் பட்டியலிலோ, திறந்த அணுக்கச் சஞ்சிகைகளின் விபரக்கொத்தான டோஜிலோ அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் இலவசமாகப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் எழுதியே ஆக வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவர் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று தந்த பட்டியலோடு என் மேசைக்கு வந்தார். கட்டுரைகள் எங்குமே கிடைக்கவில்லை என்றார். முதலாவதை இருவருமாகத் தேடினோம். ஆசிரியர் உண்மையானவர், சஞ்சிகையும் உண்மையானது. ஆனால் குறிப்பிட்ட தொகுதியைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போனபோது அங்கே வேறொருவரின் வேறொரு கட்டுரை இருந்தது. அப்படியொரு கட்டுரை எழுதப்படவேயில்லை. பட்டியலின் எஞ்சிய பகுதியை அவர் மௌனமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவருடைய மூன்று வார உழைப்பு அதில் போயிருந்தது. சொற்களை யோசிப்பதற்கு அத்தகைய செயலியின் உதவியைப் பெறலாம். உசாத்துணையை மட்டும் ஒருபோதும் அதனிடமிருந்து எடுக்க வேண்டாம். கட்டுரையை இணையத்தில் இனங்காட்டும் நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. இலக்கத்தை அதற்குரிய தளத்தில் இட்டு, சொன்ன கட்டுரையேதான் திறக்கிறதா என்று பார்த்த பின்னரே பட்டியலில் எழுதுங்கள்.

இலங்கைச் சூழலுக்கு உரியவற்றை வேறிடங்களில் தேட வேண்டும். ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ தளத்தில் உள்நாட்டுச் சஞ்சிகைகள் இலவசமாக இருக்கின்றன. மத்திய வங்கியின் ‘ஸ்டாஃப் ஸ்டடீஸ்’ இதழும் அங்கே பார்க்கத்தக்கது. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் தத்தமது ஆய்வுகளை இணையக் களஞ்சியங்களில் சேர்த்துவருகின்றன. ஊர்ப் பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் இட்டுத் தேட வேண்டிய இடம் இவைதான். மருதமுனையின் நெசவு வரலாற்றைத் தமிழில் அறிய 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையத்தளத்துக்குப் போங்கள். ஈழத்துத் தமிழ் நூல்களும் மலர்களும் பத்திரிகைகளும் அங்கே எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன. அவை உங்கள் 20 கட்டுரைகளில் அடங்கமாட்டா; ஆனால் ஆய்வுப் பிரதேசத்தை அறிமுகம் செய்யும் அத்தியாயத்துக்கு அவற்றைப் போலப் பயன்படுபவை வேறில்லை.

ஒரு கொப்பியில் எந்தத் தரவுத்தளம், எந்தத் திகதி, என்ன சொற்கள், எத்தனை முடிவுகள் என்று ஒவ்வொரு தேடலையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவிறக்கியவற்றை ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருளில் சேமித்தால் உசாத்துணைப் பட்டியலை அதுவே ஒழுங்குபடுத்தித் தரும். ‘ட்ரேட் கிரெடிட்’ என்ற சொல்லோடு இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் மூன்று நிரல்களையும் நிரப்பி இதே முகவரிக்கு அனுப்பினால், விடுபட்ட சொற்களை நான் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.